இரவிலும் பல் விளக்குக

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயன்படு பொருள் ஒன்றைப் பற்றி இம்மாதக் கூட்டத்தில் பேசுமாறு நம் சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். தமிழாசிரியராகிய யாம் இலக்கியச் சுவை மிக்க பொருளொன்றையே எடுத்துரைப்போம் என்று எண்ணி வந்தோர் பலர் இங்கே இருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, இரவு உறங்கப் போகுமுன் பல் விளக்க வேண்டும் என்பது. 'இதற்கும் ஒரு சொற்பொழிவா?' என்று சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். முறுவல் என்னுஞ் சொல்லுக்குப் பல் என்றும் ஒரு பொருள் உண்டு. அம்முறுவல் உங்கள்பால் என்றும் நிலைக்க வேண்டும் என்பதே எம் விருப்பமாதலின், சிறிது நேரம் செவி சாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

எழுத்துக்களின் பிறப்பைக் கூற வந்த நம் இலக்கண நூலார், இதழ், நா, பல், அண்ணம் என்னும் நான்கனுள் பல்லையும் ஒன்றாக வைத்தனர். தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழுதடும் கூடப் பிறப்பது. முன்பல் இழந்தார் 'வாழ்த்து' என்று சொல்ல முயலுங்கால் சொல்லினும் காற்றே மிகுதியாக வெளிவரும். உண்ணுதற்கும் உரைத்தற்கும் ஒருங்கே கருவியாவது பல். அதனை இழந்தார்க்கு உணவிற் பாதியும் உரையிற் பாதியும் போயின என்னலாம்.

நம்மவருள் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர், தீபாவளி முறுக்கையும் சீடையையும் கண்ணால் மட்டுமே நுகர்கின்றனர். வினவினால், 'வயதானால் பல் விழத்தானே செய்யும்' என்று ஊழின்மேற் பழியை ஏற்றிவிடுகின்றனர். பல் முதுமையால் விழுவதன்று, நோயால் விழுவது. அந்நோய்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பல்லைக் குழித்துத் தின்னும் சொத்தை. மற்றொன்று பல்லைத் தாங்கும் ஈற்றையும் எலும்பையும் கரைக்கும் ஈறு நோய். இரண்டுக்கும் பல்லின்மேற் படியும் ஊத்தையே நிலைக்களம். அது நாள்தோறும் படிவது. நாள்தோறும் நீக்கத் தக்கது.

பல் துலக்குதல் நமக்குப் புதிதன்று. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்னும் பழமொழியை அறியாதார் யாவர்? அங்கே வேல் என்றது வேம்பை அன்று, கருவேல மரத்தை என்பதையும் இளைஞர்கள் அறிந்துகொள்க. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, காலைச் சந்தியிற் பற்கோல் கொண்டு பல்லைத் தூய்மை செய்து, கண்கழுவி, அதன் பின்னரே தெய்வந் தொழுமாறு விதிக்கின்றது. இவ்விதியை நாம் இன்றளவும் விடாது காத்து வருகின்றோம். பல் துலக்காது காப்பியையும் தொடாத இல்லங்கள் நம்மிடையே மிகப் பல. இது நம் குலத்துக்குப் பெருமையே.

ஆயினும், வடமொழி மருத்துவ நூல்களை நோக்கினால் அவை ஒரு வேளையோடு அமையவில்லை. சரக சங்கிதை, ஈறு புண்படாதவாறு நாளொன்றுக்கு இரு வேளை பற்குச்சி கொண்டு துலக்குமாறு கூறுகின்றது. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க இருதயமோ, காலையிலும் உண்ட பின்னும் என்று வேளையையே குறித்துக் கூறுகின்றது. இரு வேளை என்ற விதியுள் ஒரு வேளையை மட்டும் நாம் கைக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டோம். அவ்வாறு கைவிட்டதே இரண்டனுள் பெரிது என்பதுதான் இன்று யாம் சொல்ல வந்தது.

பழைய நூலில் உள்ளது என்பதனாலேயே ஒன்றனை ஏற்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. ஏன் என்று வினவுதல் கற்றார் கடன். அதற்கு விடை கூறுவோம்.

ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரத்தில் லேவன்ஹூக் என்பார் ஒருவர் இருந்தார். அவர் பெரும் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர் அல்லர். நம்மவரைப் போலத் துணிக்கடை வைத்துப் பிழைத்தவர். அவர் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டி எடுத்த வெள்ளிய ஊத்தையைத் தாமே செய்த கண்ணாடியின் வழியே நோக்கி, அதனுள் எண்ணிறந்த சிற்றுயிர்கள் இயங்கக் கண்டு, 1683ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள ராயல் சங்கத்தாருக்கு எழுதினார். அவ்வுயிர்கள் பல்லை என் செய்கின்றன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. பெர்லின் நகரிற் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், உமிழ்நீரில் ரொட்டியைக் கலந்து அதனுள் பல்லை இட்டு வெதுவெதுப்பில் வைத்தார். பல்லின் சுண்ணாம்புச் சத்துக் கரைந்தது. உமிழ்நீரைக் கொதிக்கவைத்து அதனுள் வாழும் உயிர்களைக் கொன்ற பின் அவ்வாறே செய்தார், பல் கரையவில்லை. 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் இவற்றை விரித்தெழுதினார். பல்லை உணவு நேரே அரிப்பதில்லை. உணவைத் தின்னும் கிருமிகள் உண்டாக்கும் புளிப்பே அரிக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. அக்கிருமிகளுள் தலையாயதொன்றை 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்பார் கண்டறிந்து பெயரிட்டார்.

பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமானது. அதில் 100க்கு ஏறத்தாழ 96 பங்கு கனிமப் பொருள். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அதனுள் உயிரணு இல்லை. எலும்பு முறிந்தாற் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் குழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆதலின் இயற்கை அதற்கு ஒரு காவலாளியை அமைத்தது. அக்காவலாளியே உமிழ்நீர். அது நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, உணவுத் துணுக்கைக் கழுவி, புளிப்பைத் தணித்து, பல் இழந்த சுண்ணாம்புச் சத்தையும் சிறிது சிறிதாக மீட்டுத் தருகின்றது. இனிப்பை உண்டவுடன் சில நிமிடங்களுக்குள் பல்லின்மேற் புளிப்பு ஏறுவதையும், அது தணிய அரை மணி முதல் ஒரு மணி வரை செல்வதையும் 1940ஐ அடுத்த ஆண்டுகளில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க அறிஞர் அளந்து காட்டினார். பகலில் இவ்வாறு அரிப்பும் மீட்பும் மாறி மாறி நிகழ்ந்து பல் ஒருவாறு நிலைபெறுகின்றது.

இரவில் நிகழ்வது வேறு. நாம் உறங்கும்போது காவலாளியும் உறங்குகின்றான். உறக்கத்தில் உமிழ்நீர் ஊற்று ஏறத்தாழ நின்றுவிடுகின்றது. கிருமிகளோ உறங்குவதில்லை. பல்லிடுக்கில் தங்கிய சோறும், பாலிலிட்ட சர்க்கரையும், கடைவாயில் ஒட்டிய பிஸ்கோத்தும் அவற்றுக்கு விருந்தாகின்றன. அவ்விருந்தால் எழும் புளிப்பைத் தணிப்பார் இன்மையின், பகலில் ஒரு மணிக்குள் ஆறுவது இரவில் நெடுநேரம் நின்று அரிக்கின்றது. ஒரே மிட்டாய்தான், பகல் நான்கு மணிக்கு உண்டால் ஒரு தீங்கு, இரவு பத்து மணிக்கு உண்டு அப்படியே உறங்கினாற் பன்மடங்கு தீங்கு.

'காலையில் எழுந்தவுடன் நன்றாகத் துலக்குகின்றோமே, அது போதாதா?' என்று கேட்பீர்கள். நம்மவரிற் பெரும்பாலார் வணிகர். உங்களையே யாம் ஒன்று வினவுகின்றோம். இரவு முழுதும் கடையைத் திறந்து போட்டுவிட்டுக் காலையில் வந்து பூட்டுபவர் எவரேனும் உண்டோ? கடை கட்டும்போது பெட்டியைப் பூட்டிக் கணக்கை முடித்துக் கதவை இழுத்துப் பார்த்த பின்னரே வீடு திரும்புகின்றீர்கள். வாயாகிய கடையை மட்டும் திறந்து போட்டுவிட்டு உறங்குவது எவ்வாறு தகும்? காலைத் துலக்கல் வாய் நாற்றத்தைப் போக்கும், அது வேண்டுவதே. ஆயின் இரவில் நிகழ்ந்த அரிப்பை அது திரும்பப் பெறாது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையார் நாளைக்கு இரு முறை துலக்கச் சொல்லுங்கால், ஒன்றை இரவு படுக்கைக்குச் செல்லுமுன் என்று வரையறுத்து, மற்றொன்றை வேறொரு வேளை என்று விட்டனர். ஒரு வேளையை அவரவர் வசதிக்கு விட்டாரேனும் இரவை விட்டாரில்லை.

நம் குடும்பங்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லாதிருத்தல் இயலாது. கடை அடைத்து வீடு திரும்ப இரவு பத்தோ பதினொன்றோ ஆகின்றது. பகலெல்லாம் மக்கள் முகம் காணாத தந்தை, அன்பின் மிகுதியால் ஒரு பொட்டலம் மிட்டாயோ அல்வாவோ வாங்கி வருகின்றார். உறங்கும் குழந்தையை எழுப்பி ஊட்டுகின்றார். குழந்தை மென்றுகொண்டே மீண்டும் உறங்கிவிடுகின்றது. தாமும் உண்டு, களைப்பால் வாயைக் கொப்புளித்துப் படுத்துவிடுகின்றார். அன்பைக் குறை கூற யாம் வரவில்லை. அவ்வினிப்பை மறுநாட் பகலுணவோடு கொடுங்கள். இரவில் கதை ஒன்று சொல்லுங்கள். அன்பு குறையாது, பல்லும் நிலைக்கும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றிக் குழந்தையின் வாயில் வைத்தபடியே உறங்கச் செய்யும் வழக்கம் பெருகி வருகின்றது. இதனால் மேல்வரிசை முன்பற்கள் முளைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே கருகிக் கரைகின்றன. 'நாங்கள் சீனி போடுவதில்லை. தேனும் கருப்பட்டியுமே கொடுக்கின்றோம்' என்பார் உளர். நமக்குத்தான் அவை வெவ்வேறு. பல்லரிக்கும் கிருமிக்கு யாவும் இனிப்பே. இரவிற் கொடுக்கும் இனிப்பான இருமல் மருந்துக்கும் இது பொருந்தும். மருந்து கொடுத்தபின் பல்லைத் துலக்கி விடுக.

'பாற்பல் தானே, விழுந்து முளைக்கும்' என்பதும் தவறான எண்ணம். பாற்பற்கள் 20, அவை பின்வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பன. காலத்துக்கு முன் அவை விழுந்தால் நிலைப்பற்கள் இடமின்றிக் கோணி முளைக்கும். மேலும், ஆறு வயதளவில் பாற்பல் வரிசைக்குப் பின்னே புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. யாதொரு பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே கருதிக் கைவிடுகின்றனர். அது சாகுமட்டும் இருக்க வேண்டிய பல்! முதன்முதற் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுவே.

எம் வகுப்பில் கன்னத்தைக் கையாற் பொத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றோம். 'என்னப்பா?' என்றால், 'பல்வலி ஐயா, ராத்திரி தூங்கவே இல்லை' என்பான். வீட்டிற் கிராம்பு வைத்திருப்பார்கள். கிராம்பு வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும், குழியை அடைக்காது. அன்று யாம் நடத்தும் பாடம் அவன் செவியில் ஏறாது. தேர்வுக் காலத்தில் அவ்வலி வந்தால் ஓராண்டு உழைப்பே வீணாகும். பிள்ளைகளின் கல்விக்காகப் பெரும்பொருள் செலவிடும் நாம், இரவில் இரண்டு நிமிடம் செலவிடத் தயங்கலாமா?

இனி ஈறு நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். துலக்கும்போது ஈற்றில் இரத்தங் கசிந்தால் நம்மவர் அஞ்சித் துலக்குவதையே விட்டுவிடுகின்றனர். செய்ய வேண்டுவது அதற்கு நேர்மாறானது. 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் நகரில் லோ என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். நல்ல ஈறுடையார் 12 பேர் பல் துலக்குவதை முற்றும் நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஒரு வார அளவில் ஈறு பழைய நிலையை அடைந்தது. ஈற்றைக் கெடுப்பது ஊத்தை. இரத்தம் அதன் முறையீடு. மென்மையாகத் துலக்குதலே மருந்து. இரு வாரத்துக்கு மேலும் இரத்தங் கசிந்தால் பல் மருத்துவரிடஞ் செல்க. கருவுற்ற மகளிர்க்கு ஈறு எளிதில் வீங்குமாதலின் அவர்கள் ஒரு வேளையும் தவறலாகாது. நீரிழிவு உடையாரோ இருமடங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நீரிழிவு ஈறு நோயை வளர்க்கும். ஈறு நோய் நீரிழிவை அடங்கவிடாது.

துலக்கும் முறையாவது: இரவு உணவும் பாலும் மாத்திரையும் எல்லாம் முடிந்த பின், மென்மையான நார்களையுடைய பிரஷ்ஷைக் கொள்க. ஈறும் பல்லும் கூடும் விளிம்பிற் சிறிது சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவாக, வெளிப்புறம், உட்புறம், மெல்லும் புறம் என மூன்றையும் இரண்டு நிமிடம் துலக்குக. பாத்திரம் தேய்ப்பது போல் அழுத்தித் தேய்த்தல் வேண்டா. செங்கற்பொடியும் மணலும் கரியும் பல்லை வெண்மையாக்குவனபோலத் தோன்றி எனாமலைத் தேய்த்துவிடும். பல்லிடுக்கைக் குண்டூசியாலும் ஊக்காலும் குத்தாது, அதற்கென விற்கும் நூலால் தூய்மை செய்க. பேஸ்ட்டில் புளோரைடு இருத்தல் நலம். அது பல்லுக்கு உறுதி தந்து புளிப்பைத் தாங்கச் செய்வது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பக் கற்பிக்க வேண்டும். இரவில் நுரையைத் துப்பிய பின் நீரால் மிகுதியாகக் கொப்புளியாது விட்டால் அம்மருந்து பல்லிற் சிறிது நேரம் தங்கும். அதன்பின் தண்ணீர் ஒன்றைத் தவிர வேறெதுவும் வாய்க்குட் செல்லலாகாது.

புளோரைடும் அளவு கடந்தால் தீங்கே. குடிநீரில் அது மிகுந்ததனால் பல்லும் எலும்பும் கெடுவதை, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதினர். தருமபுரி வட்டாரத்திலும் அத்தகைய நீர் உண்டு. அவ்வூர்களில் பெண் கொடுத்துப் பெண் கொண்ட நம் உறவினர், குழந்தைகட்கு எந்தப் பேஸ்ட்டு ஏற்றது என்பதை மருத்துவரைக் கேட்டுத் தெளிக. பல்லிற் காணும் பழுப்புக் கறையை அழுக்கென எண்ணித் தேய்த்துப் புண்ணாக்க வேண்டா.

பொய்ப்பல் கட்டிய பெரியோர்கள் இரவில் அதனைக் கழற்றி, துலக்கி, நீரில் இட்டு வைத்து உறங்குக. வெற்றிலை பாக்குப் போடும் பெரியோர்க்கும், பொடியைப் பல்லிற் தேய்க்கும் மூதாட்டியர்க்கும் யாம் கைகூப்பிச் சொல்வது ஒன்றுண்டு. புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1985ஆம் ஆண்டில் வரையறுத்தனர். புகையிலை இல்லாத தாம்பூலமும், பாக்குத் தனியாகவும் அத்தன்மையனவே என்று 2004இல் உரைத்தனர். பற்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை நம் அரசினர் 1992இல் தடுத்தனர். பிறர்க்குக் கொடுக்கும் மரியாதைத் தாம்பூலம் தட்டில் இருக்கட்டும். அதனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இரவெல்லாம் உறங்குவதையேனும் இன்றோடு விட்டொழிக்குமாறு வேண்டுகின்றோம்.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, நம் மாணவர் விடுதியில் விளக்கணைக்கும் மணிக்கு முன் பல் விளக்கும் மணி ஒன்று அடிக்கப்படுக. ஒருவன் தனியே செய்ய நாணுவதை ஐம்பது பேர் கூடிச் செய்தால் அது வழக்கமாகிவிடும். இரண்டு, ஆண்டுவிழாவில் நம் குலத்துச் சிறுவர்க்குப் பல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு பல்லைப் பார்வையிடச் செய்க. சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைப்பது எளிது, செலவும் குறைவு. நரம்பை எட்டிய பின் நாளும் பொருளும் பன்மடங்கு ஆகும். மூன்று, ஒவ்வொரு வீட்டிலும் தந்தையும் தாயும் தாமே முதலிற் பிரஷ்ஷை எடுக்க. இருபத்தைந்து ஆண்டளவு ஆசிரியத் தொழிலில் யாம் கண்டது இது: பிள்ளைகள் நாம் சொல்வதைச் செய்வதில்லை, நாம் செய்வதைச் செய்கின்றனர்.

அன்பர்களே! மாலையில் விளக்கு வைக்காத வீடு நம்மிடம் இல்லை. விளக்கு என்னும் அச்சொல்லே பல் விளக்கு என ஏவும்போதும் வருகின்றது. மாலையில் வீட்டு விளக்கை ஏற்றுகின்ற நாம், இரவில் அதனை அணைக்குமுன் பல்லையும் விளக்குவோமாக. இதற்கு வேண்டுவது பெரும்பொருளும் அன்று, பெருங்கல்வியும் அன்று. இரண்டு நிமிடப் பொறுமையே. இன்றிரவே தொடங்குங்கள்.